மூடு என்றால் மூன்று

கையை மார்போட கட்டிக்குங்க,
முப்பது நொடியில எத்தனை தடவை
எழுந்து உட்கார முடியுதோ அத்தனை,
என்றாள் சிஸ்டர் ஜெபக்கனி.
ஊத்துக்கோட்டை அரசு மருத்துவமனையில்
கைப்பிடி இல்லாத இரும்பு நாற்காலி.

அவள் தமிழில் எண்ணினாள்.
நான் உள்ளுக்குள் தெலுங்கில்.
எங்கள் வீட்டில் சண்டையும் சாமியும் தமிழ்தான்,
எண்ணிக்கை மட்டும் தெலுங்கு:
எங்கள் ஆட்கள் வந்த வழியில்
தொலைக்காத ஒரே மூட்டை.
ஒகட்டி. ரெண்டு.
மூடு என்றதும்
முழங்காலுக்குத் தமிழ் ஞாபகம் வந்தது.
மூடிக்கொண்டது.

தட்டுத்தடுமாறி ஏழு.
அறுபத்தாறு வயசுக்குப்
பன்னிரண்டாவது வரணும் என்று அட்டையில் எழுதினாள்.

டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்த்தார். ஆறு புள்ளி மூன்று.
"சர்க்கரை இன்னும் வரல. பார்டர்ல நிக்கிறீங்க."
முப்பத்தொரு வருஷம் அங்கேதான் சார்
உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வந்து
சொல்லவில்லை.
தொடையை அழுத்திப் பார்த்தார்.
"சாப்பிட்டதை வாங்கிச் செலவழிக்க
இங்க ஆள் இருக்கணும். காலியா இருக்கு."

சத்தியவேடு ரோட்டில் வணிகவரிச் சாவடி.
லாரிகள் நிற்கும். நான் எழுந்ததில்லை.
ஜன்னலில் பில் வரும், முத்திரை போகும்,
மல்லி, மிளகாய், கடப்பைக் கல், கோழித் தீவனம்.
மணிக்கொரு டீ வரும், மூணு கரண்டிச் சர்க்கரையோடு,
டிரைவர்கள் வாங்கித் தருவது.
பில் இல்லாத சரக்கு.
எதையெல்லாம் உள்ளே விட்டேன் என்று
இத்தனை வருஷம் கழித்துக்
கணக்குக் காட்டுகிறது ஒரு துண்டுச் சீட்டு.

ஜி.எஸ்.டி. வந்தது. சாவடி போனது.
தடுப்புக் கம்பியைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
சிமெண்ட் பெஞ்சைப் பெயர்க்க முடியவில்லை.

ஆரணியாற்றுப் பாலத்தில் விடியற்காலை
முனிகிருஷ்ணய்யா அந்தப் பக்கமிருந்து நடந்து வருவார்.
ஒருமுறை அவரைத் தக்காளி லோடோடு
நாலு மணி நேரம் நிறுத்தி வைத்தேன்,
ஒரு கையெழுத்து இல்லையென்று.
தக்காளி கசிந்து டயர்வரை ஓடியது.
அவர் மறக்கவில்லை.
இப்போது பாலத்தின் நடுவில்
எனக்காகக் காத்து நிற்கிறார்.
இடது காலில் இரண்டு விரல் கிடையாது,
சர்க்கரை வாங்கிக்கொண்டது.
அப்படியும் அவர்தான் முன்னால்.
நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினால்
"சார், பில்லு இருக்கா?" என்பார்.

பிறகு அந்த சிமெண்ட் பெஞ்சில்
எழுந்து, உட்கார்ந்து, எழுந்து.
எண்ணுவது அவர். சத்தமாக.
புறாக்கள் ஒதுங்கும்.
மூடு என்னும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன்.
ஆறு இரண்டு மொழியிலும் ஆறு,
அந்த ஒன்றில் மட்டும் தடங்கல் இல்லை.
ஏடு என்பார்,
எனக்கு நீல அட்டைப் பேரேடு ஞாபகம் வரும்,
அன்றைய தக்காளி எந்தப் பக்கத்தில் இருக்குமென்று
தேடிக்கொண்டே எட்டாவதை எழுந்துவிடுவேன்.
மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை.
நடக்கும்போது மூச்சுக் கிடைப்பதில்லை,
நிற்கும்போது தைரியம்.

ஆறு மாசம்.
பதினொன்று என்றாள் ஜெபக்கனி,
பன்னிரண்டு நாற்காலியிலிருந்து
ஒரு சாண் எழும்பியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
விதி விதிதான். நானும் அப்படித்தான் இருந்தேன்.
ரத்தம் ஆறு புள்ளி ஒன்று.
"இன்னும் பார்டர்தான்."

பாலத்தில் சொன்னேன்.
முனிகிருஷ்ணய்யா சிரிக்கவில்லை.
செருப்பைக் கழற்றி, விரல் இல்லாத இடத்தில்
மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"அக்கடே உண்டு சார்.
அங்கேயே நில்லு. இந்தப் பக்கம் வராதே."

வீட்டு நாற்காலியின் கைப்பிடிகளில்
இப்போது என் துண்டு காய்கிறது,
ஒரு பக்கம் துண்டு, மறுபக்கம் காலுறை.